போட்டோ நம்ம போட்டோ! பூட்டும் சாவியும் யாரிடம்?

காலை நேரம். விழுப்புரம் ரெயில் நிலையம்.

சென்னைப் பக்கம் போகும் ரெயிலுக்காகக் கூட்டம் நிற்கிறது. அதில் ஒருவர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மேலே தள்ளுகிறார், கீழே தள்ளுகிறார். நெற்றியில் வேர்வை.

"என்ன சார் தேடுறீங்க?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"பட்டா போட்டோ சார்! திண்டிவனத்துல ஆபீசுல காட்டணும். நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சு. காலையில பார்த்தா ஆப்பே வேற மாதிரி ஆயிடுச்சு. எங்க போய்த் தேடுறதுன்னே தெரியலை!"

ரெயில் வந்தது. ஏறினார்கள். முண்டியம்பாக்கம் போயிற்று. விக்கிரவாண்டி போயிற்று. பேரணியும் போயிற்று. மயிலம் வரும்போதுதான் பட்டா கிடைத்தது!

படம் எங்கேயும் ஓடிப்போகவில்லை. இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அதற்குப் போகும் வழியைத்தான் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டார்கள்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சுமார் 40 கிலோ மீட்டர். அந்தத் தூரம் முழுக்க ஒரு மனிதர் தன்னுடைய படத்தைத் தானே தேட வேண்டியிருக்கிறது என்றால், இது சின்ன விஷயமா? யோசித்துப் பாருங்கள்.

பீரோவை மாற்றினார்கள்

விஷயம் இதுதான். செல்போனில் எடுக்கும் போட்டோக்களை அடுக்கி வைக்க ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. தேதி வாரியாக அடுக்கும். முகம் பார்த்துப் பிரிக்கும். ஊர் பெயரைச் சொன்னால் அந்த ஊரில் எடுத்த படத்தை எடுத்துக் கொடுக்கும். சுருக்கமாகச் சொன்னால், அந்தக் காலத்தில் வீட்டில் ஆல்பம் வைத்திருந்த பீரோ மாதிரி.

வீட்டுப் பீரோவை நாம் நகர்த்தினால்தான் நகரும். இந்தப் பீரோ அப்படி இல்லை. கம்பெனிக்காரர் நினைத்தால் நகரும்! 'புதிய பதிப்பு' என்கிறார்கள். 'அப்டேட்' என்கிறார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் மேல் தட்டில் இருந்தது கீழ் தட்டில் இருக்கிறது. கீழ் தட்டையே காணோம்!

இதைப்பற்றி நம்ம ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்? ரெயிலிலும், பஸ் நிலையத்திலும், கடைத்தெருவிலும் கேட்டதை அப்படியே தருகிறோம். எல்லோரும் திட்டவில்லை. பாராட்டியவர்களும் இருக்கிறார்கள்.

பயணிகள் பேச்சு

தினமும் ரெயிலில் வேலைக்குப் போய்வரும் ஒரு குமாஸ்தா கூறியதாவது:-

"என் போனில் படம் என்றால் பாதி குடும்பப் படம், பாதி காகிதம். ஆதார், ரேஷன் கார்டு, பையன் மார்க் ஷீட், வீட்டு வரி ரசீது எல்லாம் போட்டோதான். கவுண்டரில் நிற்கும்போது பின்னால் பத்து பேர் நிற்பார்கள். அரை நிமிஷத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். புதுசாக வந்த பதிப்பில் முதல் பக்கத்திலேயே 'உங்கள் நினைவுகள்' என்று பாட்டோடு படம் ஓடுகிறது. கவுண்டரில் நிற்கிறவனுக்கு நினைவு எதுக்கு சார்? ரசீதைக் கொடு!"

திண்டிவனத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர் சொன்னார்:-

"மொத்தக் கடை பில்லை எல்லாம் போட்டோ எடுத்து வச்சுக்குறேன். மை அழிஞ்சாலும் போட்டோ இருக்கும்ல? முன்னே 'பில்'னு ஒரு ஆல்பம் போட்டு வச்சிருந்தேன். தொட்டா வந்துடும். இப்ப அந்த ஆல்பத்துக்குப் போக மூணு இடத்துல தொடணும். கடைப் பையன் சின்ன வயசு, அவன் ரெண்டு நாள்ல பழகிட்டான். எனக்கு வயசு அறுபது. எனக்கு யாரு பழக்கிக் கொடுப்பாங்க?"

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார்:-

"நான் குறை சொல்ல மாட்டேன். என் பேத்தி வெளியூரில் இருக்கிறாள். அவள் முகத்தைத் தொட்டால் பிறந்த நாளில் இருந்து நேற்று வரைக்கும் உள்ள படம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. பழைய ஆல்பத்தில் இதைச் செய்ய முடியுமா? மாற்றம் வரட்டும். ஆனால் சொல்லிவிட்டு வரட்டும்."

குடும்பத் தலைவி ஒருவர் சொன்னது இது:-

"எனக்குப் பயம் ஒண்ணுதான். போன்ல இடம் இல்லைன்னு சொல்லுது. எதையாவது அழின்னு சொல்லுது. எதை அழிச்சா எது போகும்னு புரியலை. அம்மா இறந்துட்டாங்க. அவங்க படம் அதுல இருக்கு. அதனால நான் எதையுமே தொடுறதில்லை."

அந்த அம்மா சொன்னதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. தன் தாயின் படத்தைத் தானே தொட அஞ்சுகிற நிலைமை. இதைக் கம்பெனிக்காரர்கள் காதில் போட வேண்டாமா?

அழுத பிள்ளைக்குப் பால்

'நாம் சத்தம் போட்டால் அமெரிக்காவில் கேட்குமா?' என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கும்! கேட்டிருக்கிறது!

ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் கம்பெனி 2024 செப்டம்பரில் 'ஐ.ஓ.எஸ். 18' என்ற பதிப்பை வெளியிட்டது. அதில் போட்டோ ஆப்பை அடியோடு மாற்றியது. கீழே இருந்த பட்டன்களை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நீளப் பக்கமாக ஆக்கியது. ஆல்பம் வேண்டும் என்றால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

சோதனைப் பதிப்பு வந்தபோதே எதிர்ப்பு. அதனால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் ஒரு படவரிசையை, வெளியிடுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். வெளியான பிறகும் முணுமுணுப்பு ஓயவில்லை. உலகம் பூராவும், 'பழையபடி பிரித்துக் கொடு' என்றார்கள்.

என்ன ஆயிற்று? 2025 செப்டம்பரில் அடுத்து வந்த 'ஐ.ஓ.எஸ். 26' பதிப்பில் அந்தப் பட்டன்கள் திரும்பி வந்துவிட்டன. மொத்தப் படங்களுக்கு ஒன்று, தொகுப்புகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக. ஒரே வருஷத்தில் இறங்கி வந்தார்கள்!

கூகுள் கதையும் இதேதான். 'போட்டோவிடம் கேளுங்கள்' என்ற மாதிரி, செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு புதுத் தேடும் வசதியை 2024-ல் அறிவித்தார்கள். வாயால் கேட்கிற மாதிரி எழுதிக் கேட்டால் படத்தைத் தேடி எடுக்கும் என்றார்கள். அமெரிக்காவில் முதலில் சிலருக்குக் கொடுத்தார்கள். 'பழைய தேடலே வேகமாக இருந்ததே' என்று குறை வந்தது.

2025 ஜூனில் அதை மேலும் பரப்புவதைச் சிறிது நாள் நிறுத்தி வைத்தார்கள். வேகம், தரம், பயன்படுத்தும் வசதி மூன்றும் இன்னும் சரியாக வரவில்லை என்பதை அந்தத் திட்டத்தின் பொறுப்பாளரே ஒப்புக்கொண்டார். பிறகு, சின்னத் தேடலுக்குப் பழைய முறையையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கொண்டுவந்தார்கள்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். பெரிய பெரிய கம்பெனிகளும் பொதுமக்கள் சொன்னதைக் கேட்டுப் பின்வாங்கி இருக்கின்றன. விழுப்புரத்துக்காரர் சொன்னாலும் அது ஒரு கருத்துதான். ஆப்பிலேயே 'கருத்து அனுப்பு' என்று ஒரு இடம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறோம்? டீக்கடையில் திட்டுவதோடு சரி!

பிகாசா போன கதை

டி.டி.பி. சென்டர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். 'பிகாசா' என்று சொன்னால் பெருமூச்சு விடுவார்கள்.

அது கம்ப்யூட்டரில் போடும் சாப்ட்வேர். 2004-ல் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கி, இலவசமாகக் கொடுத்தது. நம்ம கம்ப்யூட்டரில் எந்தப் பெட்டியில் எந்தப் படத்தை வைத்தோமோ, அப்படியே காட்டும். முகத்துக்குப் பெயர் எழுதும் வசதி 2009-ல் வந்தது. வெளிச்சம் கூட்டலாம், ஓரம் வெட்டலாம். வெட்டினாலும் மூலப் படம் கெடாது.

ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னார்:-

"பத்து வருஷக் கல்யாணப் படத்தை அதில்தான் அடுக்கி வைத்திருந்தேன். 'மயிலம் கோவில் கல்யாணம், பங்குனி மாசம்' என்று யாராவது வந்து கேட்டால், அவர்கள் உட்காருவதற்குள் எடுத்துக் கொடுப்பேன்."

2016 பிப்ரவரியில் கூகுள் ஒரு அறிவிப்பு கொடுத்தது. மார்ச் 15-ந்தேதியோடு பிகாசாவுக்கு ஆதரவு கிடையாது என்றது. ஏற்கனவே போட்டு வைத்தவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருத்தம் வராது, புதுப் பதிப்பு வராது. அவ்வளவுதான். கடை மூடியாயிற்று!

அதே ஸ்டூடியோக்காரர் சொல்கிறார்:-

"படம் எல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் யார் யார் என்று எழுதி வைத்த பெயர் இருக்கிறதே, அது புது சாப்ட்வேருக்கு மாறும்போது கூட வரவில்லை. பெயர் இல்லாமல் ஆயிரக்கணக்கான முகம். இனி நான் உட்கார்ந்து எழுத முடியுமா?"

இதுதான் கவனிக்க வேண்டிய பாடம். படம் நம்முடையது. அதில் நாம் செய்த உழைப்பும் நம்முடையது. பெயர் எழுதியது, ஆல்பம் பிரித்தது, தேதி திருத்தியது எல்லாம் நாம் விழித்திருந்து செய்த வேலை. பீரோ மாறும்போது அந்த உழைப்பு பாதி வழியில் சிந்திவிடுகிறது.

ஓசி முடிந்தது

கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் வந்தது. 'எத்தனை படம் வேண்டுமானாலும் வையுங்கள், காசு வேண்டாம்' என்றார்கள். படத்தின் தரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான் நிபந்தனை.

ஓசியில் கிடைத்தால் விடுவோமா? கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா, மேல்மலையனூர் அமாவாசை, ரேஷன் கடை வரிசை என்று எல்லாவற்றையும் ஏற்றினோம். 2020 நவம்பரில் கூகுளே சொன்ன கணக்கு: 4 லட்சம் கோடிக்கு மேல் படங்கள் சேர்ந்துவிட்டன. வாரம் தோறும் 2,800 கோடி படங்களும் வீடியோக்களும் புதிதாக வந்தன.

அந்த அறிவிப்பிலேயே இன்னொன்றும் சொன்னார்கள். 2021 ஜூன் 1-ந்தேதி முதல் கணக்கு உண்டு! அதற்கு முன்பு அந்த இலவச முறையில் ஏற்றியது கணக்கில் வராது. அதற்குப் பிறகு ஏற்றுவது எல்லாம் 15 ஜி.பி.க்குள் அடங்க வேண்டும். அந்த 15 ஜி.பி. போட்டோவுக்கு மட்டும் அல்ல. இ-மெயிலுக்கும், மற்ற பைல்களுக்கும் சேர்த்து! அதற்கு மேல் வேண்டும் என்றால் காசு. அந்த 2021-ம் ஆண்டில் 100 ஜி.பி.க்கு மாதம் 130 ரூபாய்.

இதில் கம்பெனியை மட்டும் குறை சொல்ல முடியாது. நியாயத்தைச் சொல்ல வேண்டும். படத்தை வைக்க மெஷின் வேண்டும், கரண்ட் வேண்டும், ராத்திரி பகல் காவல் வேண்டும். சும்மா யார் தருவார்கள்? ஆறு மாதத்துக்கு முன்பே அறிவிப்பும் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். முதலில் ஓசி என்று சொல்லிப் பழக்கிவிட்டு, வேறு கடைகள் எல்லாம் களை இழந்த பிறகு காசு கேட்பது என்ன வியாபாரம்? தெருவில் புதுசாகக் கடை போட்டவர் ஆறு மாதம் பாதி விலைக்கு விற்று, பக்கத்துக் கடை மூடியதும் விலையை ஏற்றினால் நம்ம கடைத்தெரு சும்மா இருக்குமா?

இன்னொரு சேதி. வாட்ஸ்-அப் பேச்சுக்களைச் சேமிக்கும் 'பேக்கப்' முன்பு ஆண்ட்ராய்டு போனில் இந்தக் கணக்கில் சேராமல் இருந்தது. 2024-ல் இருந்து அதுவும் அந்த 15 ஜி.பி.யில் சேர்ந்துவிட்டது. தினமும் காலையில் பூ படம் போட்டு 'காலை வணக்கம்' அனுப்புகிறார்களே, அந்தப் பூ எல்லாம் நம்ம இடத்தைத்தான் தின்கிறது! அம்மா படத்துக்கு இடம் இல்லை, யாரோ அனுப்பிய ரோஜாப்பூவுக்கு இடம் இருக்கிறது!

வெள்ளம் சொன்ன பாடம்

'அப்படியானால் இந்த வம்பே வேண்டாம், பழைய ஆல்பமே போதும்' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று நினைவுபடுத்த வேண்டும்.

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு. 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் நகரமே தண்ணீரில் நின்றது. தென்பெண்ணை பொங்கி வந்தது. டிசம்பர் 2-ந்தேதி காலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரெயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரெயில்கள் நின்றன. இந்தப் பாதையில் தினமும் போகிறவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டைத் திறந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? அரிசி போனது, துணி போனது, பிரிட்ஜ் போனது. அதெல்லாம் திரும்ப வாங்கலாம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம்? சேறும் படமும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தது. அதை எந்தக் கடையில் வாங்குவது? நிவாரணத்தில் அரிசி தரலாம், பணம் தரலாம். தாத்தா முகத்தைத் தர முடியுமா?

அந்த நேரத்தில் யாருக்கு படம் மிஞ்சியது? எப்போதோ ஒரு நாள் ஆல்பத்தைப் பிரித்து, ஒவ்வொரு பக்கமாகச் செல்போனில் எடுத்து வைத்தவர்களுக்கு மிஞ்சியது. போன் தண்ணீரில் போனாலும், வேறு போனில் தன் கணக்கைத் திறந்ததும் படம் வந்து நின்றது. ஆகவே இந்த சாப்ட்வேரை நாம் பகைக்க வேண்டியது இல்லை. அது கை கொடுத்திருக்கிறது.

(நனைந்து ஒட்டிய பழைய ஸ்டூடியோ படங்களைக் காய்ந்த பிறகு பிய்க்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் மெதுவாக நனைத்துப் பிரித்து, படம் மேலே பார்க்க, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் சுருளும்.)

பேப்பர் ஆல்பத்துக்கு வெள்ளம் எதிரி. செல்போன் ஆல்பத்துக்கு மறதியும் அவசரமும் எதிரி. இரண்டுமே அழியக்கூடியது. ஒன்றை மட்டும் நம்பினால் ஆபத்து.

கை தவறினால்...

இங்கேதான் அந்தக் குடும்பத் தலைவியின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பலர் நினைக்கிறார்கள்: 'மேலே ஏற்றியாகிவிட்டது, இனி போனில் இருப்பதை அழிக்கலாம்.' இது தவறு! கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருந்தால், அந்த ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து அழியும். போனில் மட்டும் இடம் பிடிக்க, 'இடத்தைக் காலி செய்' என்று தனி பட்டன் இருக்கிறது. அதைத்தான் அழுத்த வேண்டும். இரண்டு பட்டன், இரண்டு விதி. ஒன்று காப்பாற்றும், ஒன்று கொன்றுவிடும்!

தவறி அழித்தாலும் உடனே போய்விடாது. குப்பைத்தொட்டியில் இருக்கும். மேலே ஏற்றிய படம் என்றால் 60 நாள். ஏற்றாத படம் என்றால் 30 நாள். அதற்குள் மீட்டுவிடலாம். அதற்குப் பிறகு கும்பிட்டாலும் வராது.

இன்னொரு விதி. இரண்டு வருஷம் ஒரு கணக்கைத் திறக்கவே இல்லை என்றால், அதையும் அதில் உள்ளதையும் கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரில் இருந்து இது அமலில் இருக்கிறது. இறந்துபோன அப்பாவின் கணக்கில் படம் இருக்கிறது, பாஸ்வேர்டு தெரியாது என்று எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்! அந்த வீடுகளில் கடிகாரம் ஓடிக்கொண்டு இருக்கிறது.

இதை எல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? பேங்கில் சந்தேகம் வந்தால் மானேஜரைப் பார்க்கலாம். ரெயிலில் வந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்கலாம். இந்த ஆப்புக்கு விழுப்புரத்தில் கவுண்டர் இருக்கிறதா? திண்டிவனத்தில் கிளை இருக்கிறதா? செல்போன் ரிப்பேர் கடைத் தம்பிதான் மானேஜர். அவன்தான் ஸ்டேஷன் மாஸ்டர்!

நாம் கேட்பது நாலு

கம்பெனிகள் புதிய பதிப்பு கொண்டுவரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு விஷயம் கேட்கிறோம்.

ஒன்று: மாற்றும் முன் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல வேண்டும். 'எந்தப் பட்டன் எங்கே போகிறது' என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். ரோட்டை மறித்தால் மாற்றுப்பாதை போர்டு வைக்கிறார்கள் அல்லவா? அந்த மரியாதை வேண்டும்.

இரண்டு: பழைய முறையே வேண்டும் என்பவருக்குக் கொஞ்ச நாளாவது பழைய முறையைக் கொடுக்க வேண்டும். தேடுவதில் பழைய வழியையும் விட்டு வைக்க முடியும் என்று 2025-ல் கூகுளே காட்டியிருக்கிறது. பட்டனுக்கு மட்டும் முடியாதா?

மூன்று: வெளியே போக நினைப்பவருக்குக் கதவு அகலமாக இருக்க வேண்டும். 'டேக் அவுட்' என்ற பெயரில் மொத்தப் படத்தையும் இறக்கிக்கொள்ளும் வசதியைக் கூகுள் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் அப்படி இறக்கினால் நாம் எழுதிய குறிப்பும் திருத்திய தேதியும் படத்தோடு ஒட்டாமல் தனித் தனி பைலாக வருகிறது. அதைச் சேர்க்கக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் வேண்டும். மளிகைக் கடைக்காரர் எங்கே போவார்?

நாலு: 'அழி' என்கிற பட்டன் பக்கத்தில் 'மேலே உள்ளதும் அழியும்' என்று பெரிய எழுத்தில், நம்ம பேச்சுத் தமிழில் எழுத வேண்டும். அகராதியைப் புரட்டி எழுதிய தமிழ் வேண்டாம்.

இந்த நாலும் தங்கமோ வைரமோ அல்ல. மனசு இருந்தால் செய்யலாம்.

நாம் செய்ய வேண்டியது

கேட்பது ஒரு பக்கம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் வாட்ஸ்-அப்பில் வந்த பூவையும் பொங்கல் வாழ்த்தையும் அழியுங்கள். இடம் தானாகக் கிடைக்கும். பாதிப் பேருக்குக் காசு கட்டும் வேலையே இருக்காது.

முக்கியமான படங்களை ஒரு பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ தனியாகப் போட்டு வையுங்கள். கையில் ஒன்று, மேலே ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருந்தால் எந்த அப்டேட் வந்தாலும் கவலை இல்லை. எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை!

பட்டா, ஆதார், பில் மாதிரி காகிதங்களைக் குடும்பப் படத்தோடு கலக்காதீர்கள். தனி ஆல்பம் போட்டு வையுங்கள். கவுண்டரில் நிற்கும்போது அது கை கொடுக்கும்.

பாஸ்வேர்டை வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். நகைப் பெட்டிச் சாவி மாதிரி அது.

கடைசியாக, வருஷத்துக்குப் பத்துப் படமாவது ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதுங்கள். அதற்கு அப்டேட் கிடையாது. பாஸ்வேர்டு கிடையாது. கரண்ட் போனாலும் தெரியும்! கூடவே, நலிந்துபோய் நிற்கிற நம்ம ஊர் ஸ்டூடியோக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும்.

அந்தப் பட்டாக்காரர்

ரெயிலில் பட்டாவைத் தேடினாரே, அவர் திண்டிவனத்தில் இறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"தேடும்போது ஒரு படம் கிடைச்சது சார். எங்க அப்பா வயல்ல நிக்கிற படம். இந்தப் பட்டாவே அந்த வயலுக்குத்தான். அந்தப் படம் என்கிட்ட இருக்குன்னே நான் மறந்துட்டேன்."

"இன்னைக்கே பிரிண்ட் போட்டுடுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"போட்டுடுறேன் சார். அடுத்த அப்டேட் வர்றதுக்குள்ள போட்டுடுறேன்!"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். கூட இறங்கியவர்களும் சிரித்தார்கள். ஆனால் படியில் கால் வைத்ததும், நாலைந்து பேர் தங்கள் செல்போனை எடுத்துப் பார்த்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

நீங்களும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் அப்பா எந்த ஆல்பத்தில் இருக்கிறார்?